வாலாட்டி வரவேற்ற நாய்க்கு வயசாகிவிட்டது... இனி யார் பொறுப்பு?

சுற்றுலா இடத்திலும் கோயில் வாசலிலும் எல்லோருக்கும் செல்லமாக இருக்கும் நாய், வயதான காலத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடுகிறது. அந்த நாயைப் பாதுகாப்பது எப்படி, அதனிடம் வந்து போகிறவர்களைப் பாதுகாப்பது எப்படி என்று சொல்கிறது இந்தக் கட்டுரை. கடைசியில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் உண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகர். 'படைவீடு' என்ற பெயர்தான் பேச்சுவழக்கில் படவேடு ஆனது. வாழைத் தோட்டங்கள், கமண்டல நாகநதி, ரேணுகாம்பாள் கோயில், கோட்டைமலை உச்சியில் வேணுகோபால சுவாமி கோயில், மலைகளுக்கு நடுவே செண்பகத்தோப்பு அணை என்று பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களிலும் குடும்பம் குடும்பமாக வந்து போகிறார்கள்.

இப்படிப்பட்ட மலையடிவார ஊர்களில், வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு நாயாகத்தான் இருக்கும். வாலை ஆட்டும், முகர்ந்து பார்க்கும், பிஸ்கட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளும். மலையேறுபவர்களோடு பாதித் தூரம் கூடவே நடந்து வரும். குழந்தைகள் அதனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். டீக்கடைக்காரர் சோறு வைப்பார். பூக்கடை அம்மா தண்ணீர் வைப்பார். 'யார் வீட்டு நாய்?' என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இருக்காது.

குட்டியாக இருக்கும்போதும் திடமாக ஓடியாடும்போதும் இது ஒரு குறையாகத் தெரியாது. பத்து வயதைத் தாண்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காது மந்தமாகும், கண் மங்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்போது அதை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகப் பத்துப் பேர் இருந்தும் ஒருவர் முன்வர மாட்டார். ஒருநாள் வலியில் யாரையாவது கடித்துவிட்டால் அதுவரை கொஞ்சிய கைகளே கல்லெடுக்கும். எல்லோருக்கும் சொந்தமான நாய்க்கு, பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

கல்லில் பெயர் வாங்கிய நாய்

நாயை மதித்து அதற்குப் பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொண்ட மண் இது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டில், அதாவது 7-ம் நூற்றாண்டில் நட்ட கல். கருந்தேவக்கத்தி என்ற வீரன், எருமை மந்தையைக் காக்க நடந்த சண்டையில் உயிர்விட்டிருக்கிறான். அவன் உருவத்தோடு சேர்த்து அவனுடைய நாயையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்து, அங்கேயே காவலாக நின்றது என்ற செய்தியும் அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் மாடும் எருமையும்தான் சொத்து. சொத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த மனிதனுக்கு வைத்த கல்லிலேயே நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகள் கழித்து இன்றைக்கும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம்மை வரவேற்கும் எத்தனை நாய்களுக்கு இன்று பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

காது கேட்காத வரவேற்பாளர்

கடல் கடந்த ஒரு கதையையும் பார்க்கலாம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோ. கப்பலில் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் துறைமுக ஊர். 1930-களில் அங்கே பாட்சி ஆன் என்ற புல் டெரியர் இன நாய் இருந்தது. பிறவியிலேயே அதற்குக் காது கேட்காது. ஆனாலும் கப்பல் வருவது எப்படியோ அதற்குத் தெரிந்துவிடும். யாருக்கும் முன்னால் ஓடிப்போய்த் துறையில் நின்று, இறங்குகிறவர்களை வரவேற்கும். ஒரு வீட்டில் தங்காமல் ஊரெல்லாம் சுற்றும். இரவில் துறைமுகத் தொழிலாளர்களின் கூடத்தில் படுத்துக்கொள்ளும்.

1934-ல் அந்த ஊரில் நாய்களுக்கெல்லாம் உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. வீடில்லாத பாட்சி ஆனுக்கு யார் கட்டணம் கட்டுவது? ஊர்க்காரர்களே கட்டினார்கள். மேயர் அதை 'ஜூனோவின் அதிகாரப்பூர்வ வரவேற்பாளர்' என்று அறிவித்தார். 1942-ல் அது இறந்தபோது, சின்னப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கினார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1992-ல் துறைமுகத்தில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

இதில் சிலையைவிட உரிமம்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஊருக்குப் பொதுவான நாய் என்பதால் அதை விட்டுவிடவில்லை. பணம் கட்டி, பதிவு செய்து, ஊர் கணக்கில் சேர்த்தார்கள்.

வயதாவது எப்படித் தெரியும்?

நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயது என்று சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. முதல் ஆண்டிலேயே நாய் வாலிபப் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு வயதில் 24 வயது இளைஞனுக்குச் சமம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டுக்கும் நான்கைந்து வயது கூட்டிக்கொள்ளலாம். நடுத்தர உடல்வாகுள்ள நாட்டு நாய் 7, 8 வயதில் முதுமையைத் தொடும். நல்ல கவனிப்பு இருந்தால் 12, 14 வயது வரைகூட இருக்கும்.

முகவாயில் நரை விழுவது வெளியில் தெரியும் அடையாளம். அதைவிட முக்கியமானவை சில உண்டு. காலையில் எழுந்ததும் பின்னங்கால்களை ஊன்றச் சிரமப்படும், நடந்த பிறகு சரியாகும். இது மூட்டுத் தேய்மானம். மார்கழிப் பனியில் அதிகமாகும். கூப்பிட்டால் திரும்பாது, கைதட்டினாலும் அசையாது. காது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாய் நாற்றம், ஒரு பக்கமாக மெல்லுவது, சோற்றைப் பார்த்து வந்து சாப்பிடாமல் போவது ஆகியவை பல் கோளாறு. தண்ணீர் அதிகமாகக் குடித்து, அதிகமாகச் சிறுநீர் போனால் சிறுநீரகம், சர்க்கரை, கருப்பை ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. பலவற்றுக்கு மருந்து இருக்கிறது.

நடை குறைந்த நாய்க்கு நகம் தேயாது. முன்னங்காலின் உள்பக்கம் மேலே இருக்கும் நகம் சுருண்டு சதைக்குள்ளேயே குத்தும். நாய் நொண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதத்துக்கு ஒருமுறை பாதத்தைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாலாட்டும் நாய் ஏன் கடிக்கிறது?

'பத்து வருசமா யாரையும் கடிச்சதில்லை' என்று சொல்லும் நாய்தான், பதினோராவது வருடம் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துவிடும். நாயின் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். காது கேட்காத, கண் மங்கிய நாயைத் தூக்கத்தில் திடீரென்று தொட்டால், எதிரி என்று நினைத்துத் திரும்பிக் கடிக்கும். இடுப்பு வலி இருக்கும் நாயின் முதுகில் குழந்தை சாய்ந்தால் வலியில் கடிக்கும். வால் ஆடுவது எப்போதும் சந்தோஷத்தின் அடையாளம் இல்லை. உடம்பை விறைத்து, வாலை உயர்த்தி மெதுவாக ஆட்டினால் அது எச்சரிக்கை.

அதனால் வயதான நாய் படுக்கும் இடத்தை ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு மாற்றுங்கள். எழுப்ப வேண்டுமென்றால் அதன் பார்வை படும் பக்கமாக வந்து, தரையைத் தட்டுங்கள். அந்த அதிர்வில் அது எழும். 'வயதான நாய், தொட வேண்டாம்' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினால் பாதிப் பிரச்னை தீரும்.

இன்னொன்று, வண்டி நிறுத்தும் இடம். வெயிலுக்கு நாய்கள் கார், வேன் அடியில் படுக்கும். இள நாய் இன்ஜின் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவிடும். காது கேட்காத நாய் அப்படியே படுத்திருக்கும். வண்டியை எடுக்கும் முன் குனிந்து ஒருமுறை அடியில் பாருங்கள். இரவில் பளிச்சிடும் பட்டை ஒட்டிய கழுத்துப்பட்டை போட்டால், ஓட்டுநர் கண்ணில் தூரத்திலேயே படும்.

அன்பாகக் கொடுக்கும் விஷம்

சுற்றுலா இடத்து நாய் பெரும்பாலும் பட்டினியில் நோய்வாய்ப்படுவதில்லை. கண்டதைத் தின்றுதான் நோய்வாய்ப்படுகிறது. சாக்லேட், வெங்காயம், திராட்சை, உலர் திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆகியவை நாய்க்கு விஷம். பிரியாணிக் கடைக் கோழி எலும்பு வெந்திருப்பதால் ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். எண்ணெய் ஒட்டிய பிளாஸ்டிக் கவரை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். நாள் முழுக்க பிஸ்கட் சாப்பிட்டால் உடம்பு பெருத்து, ஏற்கெனவே தேய்ந்த மூட்டுக்கு இன்னும் பாரம் கூடும்.

வயதான நாய்க்கு நம் வீட்டுச் சாப்பாடே போதும். குழைந்த சோறு அல்லது கேழ்வரகுக் கூழ், ஒரு அவித்த முட்டை அல்லது முள் நீக்கிய மீன், அவித்த பூசணி, கொஞ்சம் தயிர். உப்பு, காரம், தாளிப்பு வேண்டாம். ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும். படுக்க, தரையிலிருந்து சற்று உயரமாகப் பலகை போட்டு, மேலே வைக்கோல் அடைத்த கோணிப்பை விரித்தால் மூட்டுக்கு இதம்.

தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை என்று நாம் சாப்பிடுவதை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

ஊசி அட்டை இல்லாத நாய்க்குக் கூட்டத்தில் இடமில்லை

பலரும் தொட்டுப் பழகும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும்போது ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. 'வயசாயிடுச்சு, இனி எதுக்கு ஊசி' என்று விடக் கூடாது. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் உண்டு. எலி நடமாடும் வயல்காட்டு நாய்களுக்கு இது முக்கியம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895-ல் மறைந்த நாள் அது. அதையொட்டிப் பல இடங்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். உங்கள் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

நாய் கடித்துவிட்டால், அது பழகிய நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் என்று தவணைகள் வரும். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் தேவைப்படும். கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால், அதுவரை ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

காட்டோர ஊர்களுக்கு ஒரு வார்த்தை

ஜவ்வாது மலை போன்ற காட்டோரப் பகுதியில் நாய்க்கு நோய் வந்தால், அது ஊரோடு நிற்காது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டில் டிஸ்டெம்பர் நோயால் சுமார் ஆயிரம் சிங்கங்கள் இறந்தன. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்து கிருமி போயிருக்கும் என்று அப்போது கருதினார்கள். 2018-ல் குஜராத் கிர் காட்டிலும் அதே நோய் சிங்கங்களைத் தாக்கியது. நம் நாய்க்குப் போடும் ஊசி காட்டு நரிக்கும் சிறுத்தைக்கும் சேர்த்துத்தான்.

மலையேறுபவர்கள் பின்னால் நாய் காட்டுக்குள் போவதை ஊக்கப்படுத்தாதீர்கள். வயதான நாயால் திரும்பி வர முடியாது. சிறுத்தை இருக்கும் பகுதியென்றால் அதுவே முதல் இரை. நாயை விட்டு முயல், மான், பன்றி விரட்டுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊர் செய்யக்கூடிய ஐந்து வேலைகள்

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. கடைக்காரர்கள், வண்டி நிறுத்தம் நடத்துபவர், கோயில் நிர்வாகம், ஊராட்சி எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.

ஒன்று: நாய்க்கு ஒரு பெயர், பொறுப்புக்கு ஒருவர். செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். முடிவெடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

இரண்டு: ஒரு நோட்டு. ஊசி போட்ட தேதி, குடற்புழு நீக்கிய தேதி, நோய், மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். கடி என்று பிரச்னை வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

மூன்று: கருத்தடை. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-ன்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். வயதான நாய்க்கு அறுவை சிகிச்சை தாங்குமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

நான்கு: சோறு வைக்க ஒரே இடம். நடைபாதை, குழந்தைகள் விளையாடும் இடம், கடை வாசல் வேண்டாம்.

ஐந்து: திருவிழா ஏற்பாடு. ஆடிக் கூட்டத்திலும் வாணவேடிக்கையிலும் வயதான நாய் மிரளும். அந்த நாட்களில் ஒரு தோட்டத்திலோ வீட்டுப் பின்கட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் வரவேற்றதற்கு நாலு நாள் ஓய்வு கொடுக்கலாம்.

வாசகர் கேள்விகள்

'எங்கள் தோட்டத்து நாய்க்கு 11 வயது. கண் இரண்டும் நீலமாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. பார்வை போய்விடுமா?'

வயதாகும்போது கண்வில்லை இறுகி, நீலப் புகைபோலத் தெரியும். இதனால் பார்வை பெரிதாகக் குறையாது. வில்லை பால்போல வெளுத்தால் அது கண்புரை. சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் அதன் முன்னால் போடுங்கள். பார்வை இருந்தால் கவனிக்கும். கண் சிவந்து, வலியோடு மூடிக்கொண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பார்வை குறைந்த நாய் பழகிய தடத்திலேயே நடக்கும். மாட்டு முளை, கலப்பை, பைப் எதையும் அந்தத் தடத்தில் போடாதீர்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதலில் அதற்கு வேலி கட்டுங்கள்.

'மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்க்கும் அடிக்கலாமா? வேப்பெண்ணெய் போதுமா?'

மாட்டுக்குக் கலக்கும் அளவில் நாய்க்கு அடிக்கக் கூடாது. நாய் உடம்பை நக்கும் பழக்கம் உள்ளது. மருந்து வயிற்றுக்குள் போய் வலிப்பு வரும். பயிருக்கு அடிக்கும் மருந்தும் பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டவே வேண்டாம். நாயின் எடையைச் சொல்லி, டாக்டரிடம் நாய்க்கென்று இருக்கும் மருந்தாக வாங்குங்கள். வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும், ஒட்டியிருக்கும் உண்ணிகளை முழுக்க ஒழிக்காது. படுக்கும் கோணியை மாற்றி, சுவர் இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். உண்ணி இருக்கும் நாய்க்குக் காய்ச்சல், ஈறு வெளிறுதல், காபி நிறத்தில் சிறுநீர், மூக்கில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் அது ரத்தத்தில் பரவும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் சிகிச்சை கொடுங்கள்.

'ஒன்பது வயதுப் பெண் நாய். ஒரு மாதம் முன்பு பருவத்துக்கு வந்தது. இப்போது சாப்பிடவில்லை, தண்ணீராகக் குடிக்கிறது. வயிறு உப்பலாக இருக்கிறது.'

கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவது உண்டு. பின்பக்கம் சீழ் வடியலாம், வடியாமல் உள்ளேயே தேங்கலாம். தேங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். இது நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நோய் இல்லை. இன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு, கால்நடைகளுக்கான 1962 என்ற எண்ணில் அழைத்து வழிகேட்கலாம்.

'எங்கள் நாய் எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கிறது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள். பாவம் இல்லையா?'

முதலில் டாக்டர் பார்க்கட்டும். வலி மருந்திலும் கவனிப்பிலும் எழுந்து நடக்கும் நாய்கள் உண்டு. தானாகச் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, உங்களைப் பார்த்தால் வால் அசைகிறதா, ஒரு வாரத்தில் நல்ல நாட்கள் அதிகமா, வேதனை நாட்கள் அதிகமா என்று நோட்டில் குறித்து வாருங்கள். வேதனை மட்டுமே மிஞ்சியிருக்கிறது, சிகிச்சைக்கு வழியில்லை என்று டாக்டர் சொன்னால், மயக்க ஊசி போட்டு வலியில்லாமல் விடைகொடுப்பது பாவமில்லை. எலி மருந்து வைப்பதும் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும்தான் பாவம், சட்டப்படி குற்றமும்கூட. இறந்த பிறகு கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாமல் நாலைந்து அடி ஆழத்தில் புதையுங்கள். ஊசி போட்ட உடலைத் திறந்தவெளியில் போட்டால் அதைத் தின்னும் பருந்தும் கழுகும் நரியும் செத்துப்போகும். புதைத்த இடத்தில் ஒரு மரக்கன்று நட்டு, நாயின் பெயரை ஒரு கல்லில் எழுதி வையுங்கள்.